நோட்டீஸ் போர்டு பேசுகிறது

நம் ஊரில் யாரும் நின்று படிக்காத இலக்கியம் ஒன்று உண்டு. கலாசாலை நோட்டீஸ் போர்டைத்தான் சொல்கிறேன்.

எந்தக் கல்லூரிக்கு வேண்டுமானாலும் போய்ப் பாருங்கள். கண்ணாடிக் கதவு போட்ட ஒரு பெட்டி. அதன் சாவி யாரிடம் இருக்கிறது என்பது பிரின்ஸிபாலுக்கும் தெரியாது. உள்ளே துருப் பிடித்த குண்டூசிகள். ஒரு காகிதத்தின் தோளில் இன்னொரு காகிதம் கையைப் போட்டுக் கொண்டு தொங்கும். அதன் எதிரில் இரண்டு வகை மனிதர்கள்தான் நிற்பார்கள்: பரீட்சை நம்பரைத் தேடுகிறவர்கள் ஒரு வகை; மழைக்கு ஒதுங்கியவர்கள் இன்னொரு வகை.

இப்போது அந்தப் பலகை பாதிக்கு மேல் கம்ப்யூட்டருக்கும் வாட்ஸப்புக்கும் குடி போய்விட்டது. பையன் செல்போனில் வந்து விழுகிறது. கிரிக்கெட் ஸ்கோருக்கும் சினேகிதனின் பிறந்தநாள் வாழ்த்துக்கும் நடுவில் காணாமல் போகிறது. பலகை இடம் மாறிவிட்டதே தவிர, படிக்காத வழக்கம் மாறவில்லை.

"அது பிள்ளைகள் சமாசாரம். எனக்கு எதற்கு?" என்று கேட்கிறீர்களா, சகோதரி? அந்தக் காகிதங்களில் பணம் இருக்கிறது. பட்டம் இருக்கிறது. சில காகிதங்களில் உங்கள் பெண்ணின் பத்திரமும் இருக்கிறது. கல்யாணப் பத்திரிகையானால் வீட்டு வாசலில் குங்குமத்தோடு கொடுத்துவிட்டு, "அவசியம் வரணும்" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். பல்கலைக் கழகம் அப்படியெல்லாம் உபசாரம் செய்யாது. ஒட்டிவிட்டுப் போய்விடும். ஆகவே, இந்த வாரம் அந்தப் பலகையையே கழற்றி உங்கள் கூடத்தில் கொண்டு வந்து வைத்திருக்கிறேன். காப்பியை முடித்துவிட்டு வந்து, ஒவ்வொரு காகிதமாகப் பாருங்கள்.

கடைசித் தேதி என்னும் கட்டுக்கதை

எல்லா நோட்டீஸிலும் அடியில், கொட்டை எழுத்தில், ஒரு தேதி இருக்கும். விண்ணப்பிக்கக் கடைசி நாள். அதை நம்பாதீர்கள்! அது விண்ணப்பத்துக்குத்தான் கடைசி நாள். உங்களுக்குக் கடைசி நாள் அதற்கு ஒரு மாதம் முன்னாலேயே வந்து போய்விடுகிறது.

என் சினேகிதி ஒருத்தியின் உறவில் நடந்ததைச் சொல்கிறேன். பெண் பிளஸ் டூவில் நல்ல மார்க் வாங்கி பி.எஸ்ஸி.யில் சேர்ந்தாள். மத்திய அரசு உபகாரச் சம்பளம் பற்றி வகுப்பில் அறிவித்தார்கள். தேதி 31 என்று போட்டிருந்தது. அப்பா காலண்டரைப் பார்த்து, "இன்னும் இருபது நாள் இருக்கிறதே! என்ன அவசரம்?" என்றார். 25-ஆம் தேதி பீரோவைத் திறந்தார்கள். வருமானச் சான்றிதழ் இருந்தது. ஆனால் அதன் ஆயுள் முடிந்து போயிருந்தது. இ-சேவை மையத்துக்கு ஓடினார்கள். மனு கிராம நிர்வாக அலுவலரிடம் போயிற்று, அங்கிருந்து ரெவின்யூ இன்ஸ்பெக்டரிடம், அங்கிருந்து தாசில்தாரிடம். யாரும் தவறு செய்யவில்லை. யாரும் லஞ்சம் கேட்கவில்லை. சான்றிதழ் முறையாகவே வந்தது, மறு மாதம் 3-ஆம் தேதி.

"போனால் போகிறது, அடுத்த வருஷம் போட்டுக் கொள்ளலாம்" என்றார் அப்பா. அடுத்த வருஷம் போட முடியாது. அந்த உதவிக்குப் புதிதாக விண்ணப்பிப்பது முதல் வருஷத்தில் மட்டும்தான். வருஷத்துக்கு 12,000 ரூபாய். மூன்று வருஷத்துக்கு 36,000. சாயங்காலம் ஆறு மணிக்கு வீடு திரும்பும் அந்தப் பெண், கைகால் அலம்பிக் கொண்டு, நாலு குழந்தைகளுக்கு டியூஷன் சொல்லிக் கொடுக்கப் போகிறாள். தன்னுடைய பாடத்தைப் படிக்க ராத்திரி பத்து மணிக்கு மேல்தான் உட்கார முடிகிறது. ஆறு நாள் முன்னால் பீரோவைத் திறந்திருந்தால் போதும்.

ஆகையால், நோட்டீஸ் வருவதற்குக் காத்திராமல், காலேஜ் திறந்த உடனேயே ஒரு பைலைத் தயார் செய்து விடுங்கள். வருமானச் சான்றிதழ், ஜாதிச் சான்றிதழ், ஆதார், மதிப்பெண் பட்டியல், பாங்குப் பாஸ் புத்தகம் எல்லாம் அதில் இருக்கட்டும். இரண்டு இடங்களில் மாத்திரம் கொஞ்சம் கவனம் வேண்டும்.

முதலாவது, ஜாதிச் சான்றிதழ். நம் மாநிலத்தில் கொடுக்கும் சான்றிதழில் பி.ஸி. அல்லது எம்.பி.ஸி. என்று இருக்கும். மத்திய அரசின் இடங்களுக்கும் பரீட்சைகளுக்கும் அது போதாது. 'ஓ.பி.ஸி., கிரீமி லேயர் அல்லாதவர்' என்று தனியாக ஒரு சான்றிதழ் கேட்பார்கள். "என்னிடம்தான் ஸர்டிபிகேட் இருக்கிறதே!" என்று தைரியமாகப் போய், கவுண்டரில் முகம் வாடித் திரும்பும் பிள்ளைகள் அநேகம்.

இரண்டாவது, பாங்குக் கணக்கு. கணக்கு மாணவியின் பெயரில் இருக்க வேண்டும். அதில் ஆதார் எண்ணைச் சேர்த்திருந்தால் மட்டும் போதாது. அரசாங்கப் பணம் ஆதார் மூலமாக வந்து சேரும்படி பாங்கில் இணைத்திருக்கவும் வேண்டும். "நேரடி மானியத்துக்கு இந்தக் கணக்கு இணைந்திருக்கிறதா?" என்று பாங்கில் ஒரு கேள்வி கேட்டு விடுங்கள். இதைக் கேட்காததால், மஞ்சூரான பணம் வீட்டு வாசல் வரை வந்து திரும்பிப் போன கதைகள் உண்டு.

பணம் எங்கே இருக்கிறது?

இனிப் பணத்தைப் பார்ப்போம். மேலே சொன்ன மத்திய அரசு உபகாரச் சம்பளம், பிளஸ் டூ தேர்வில் தங்கள் போர்டில் முதல் 20 சதவிகிதத்துக்குள் வந்தவர்களுக்கு உரியது. குடும்ப வருமானம் வருஷத்துக்கு நாலரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும். பட்டப் படிப்புக்கு வருஷம் 12,000, எம்.ஏ., எம்.எஸ்ஸி. என்று மேலே போனால் வருஷம் 20,000. இதில் பாதி பெண்களுக்கு என்று ஒதுக்கியிருக்கிறார்கள். ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். அதற்கு 50 சதவிகித மார்க்கும் 75 சதவிகித வருகையும் தேவை. "இன்றைக்கு ஒரு நாள் கட் அடித்தால் என்ன?" என்று மகள் கேட்டால், என்ன ஆகும் என்று இப்போது நீங்களே கணக்குப் போட்டுச் சொல்லலாம்.

இஞ்சினீயரிங், பாலிடெக்னிக் போன்ற படிப்புகளில் சேரும் பெண்களுக்கு 'பிரகதி' என்று ஒன்று இருக்கிறது. அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் கவுன்ஸில் கொடுப்பது. வருஷத்துக்கு 50,000 ரூபாய். குடும்ப வருமானம் எட்டு லட்சத்துக்குள் இருக்க வேண்டும். ஒரு வீட்டில் இரண்டு பெண்கள் வரையில் பெறலாம். "மூத்தவளுக்கு வாங்கிவிட்டோமே, சின்னவளுக்குக் கொடுப்பார்களா?" என்று தயங்க வேண்டாம். கேளுங்கள்.

தமிழ்நாட்டில் அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்துவிட்டுக் கல்லூரிக்கு வரும் பெண்களுக்காக, 2022 செப்டம்பரில் 'புதுமைப் பெண்' திட்டம் தொடங்கியது. மாதம் 1,000 ரூபாய் என்று கணக்கு. பையன்களுக்கு 2024 ஆகஸ்டில் 'தமிழ்ப் புதல்வன்' வந்தது. இந்த மாதிரித் திட்டங்களின் விதிகள் வருஷத்துக்கு வருஷம் கூடும், குறையும். போன வருஷம் பக்கத்து வீட்டுப் பெண் வாங்கினாள் என்பதை வைத்து முடிவு செய்யாமல், இந்த வருஷத்துக் காகிதத்தைப் பாருங்கள்.

இன்னொரு சூட்சுமம். மத்திய அரசின் உதவிகளுக்கு விண்ணப்பத்தைக் கம்ப்யூட்டரில் அனுப்பியதோடு வேலை முடிந்து விடாது. கல்லூரியில் அதற்கென்று ஓர் அதிகாரி இருக்கிறார். அவர் அதைப் பார்த்து, "ஆம், இவள் எங்கள் மாணவிதான்" என்று உறுதி செய்ய வேண்டும். அதற்கு வேறு ஒரு கடைசித் தேதி. அவர் கையெழுத்துக்குக் காத்திருக்கும் நூற்றுக் கணக்கான விண்ணப்பங்களில் உங்கள் மகளுடையதும் ஒன்று. அனுப்பிய மறு வாரம், "ஸார், என்னுடையதைப் பார்த்து விட்டீர்களா?" என்று மரியாதையாகக் கேட்டு வரச் சொல்லுங்கள். வாய் கூசுகிறதா? ஐம்பதாயிரம் ரூபாய்க்குக் கொஞ்சம் கூச்சத்தை விடலாம்.

கொடுக்கும் பணம் போலவே, திரும்பி வர வேண்டிய பணமும் உண்டு. ஒரு கல்லூரியில் சேர்ந்து கட்டணம் கட்டிவிட்டோம். பிறகு வேறு நல்ல இடம் கிடைத்துவிட்டது. "கட்டினது கட்டினதுதான்" என்று ஆபீஸில் சொன்னால், தலையை ஆட்டிவிட்டு வர வேண்டியதில்லை. அனுமதிக்குக் கடைசித் தேதி எதுவோ, அதற்கு எத்தனை நாள் முன்பு அல்லது பின்பு விலகுகிறோம் என்பதைப் பொறுத்து எவ்வளவு திருப்பித் தர வேண்டும் என்று பல்கலைக் கழக மானியக் குழு, அதாவது யு.ஜி.ஸி., 2018-இல் அறிவித்திருக்கிறது. அசல் சான்றிதழ்களைக் கல்லூரி பிடித்து வைத்துக் கொள்ளக் கூடாது என்பதும் அதே அறிவிப்பில் இருக்கிறது. சரிபார்த்துவிட்டுக் கையில் கொடுத்து விட வேண்டும்.

கல்யாணத்தோடு நின்ற படிப்பு

இதுவரை பிள்ளைகளுக்காகப் படித்தோம். இனி உங்களுக்காக.

'பி.ஏ. இரண்டாம் வருஷம் படிக்கும்போது கல்யாணம் ஆகிவிட்டது' என்று தொடங்கும் கதையைக் கேட்காத வீடு நம் ஊரில் உண்டா? மாமியாருக்கு உடம்பு சரியில்லை, பிறகு குழந்தை, பிறகு இன்னொரு குழந்தை, பிறகு அவருக்கு மாற்றல். ஹால் டிக்கெட் மட்டும் பட்டுப் புடவைகளின் அடியில் பத்திரமாக இருக்கும்.

இந்தச் சேப்பாக்கம் கடற்கரையிலேயே நமக்கு முன்மாதிரி இருக்கிறது. சகோதரி சுப்பலட்சுமி, குழந்தைப் பருவத்திலேயே கணவனை இழந்தவர். அந்த நாளில் அந்த நிலையில் இருந்த பெண்ணுக்கு என்ன கதி என்று பாட்டிமாரைக் கேட்டால் சொல்வார்கள். அவர் படித்தார், ராஜதானிக் கல்லூரியில் 1911-இல் பி.ஏ. தேறினார், தம்மைப் போன்ற பெண்களுக்காகவே விடுதியும் பள்ளியும் நடத்தினார். அன்றைக்குத் தெருவே எதிர்த்து நின்றது. இன்றைக்கு நம்மைத் தடுப்பது பெரும்பாலும், "இந்த வயதில் என்னைச் சேர்த்துக் கொள்வார்களா?" என்ற சந்தேகம்தான்.

சேர்த்துக் கொள்கிறார்கள். தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக் கழகம் 2002-இல் ஏற்பட்டதே இந்த மாதிரி விட்டுப் போனவர்களுக்காக. டெல்லியைத் தலைமையிடமாகக் கொண்ட இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக் கழகம் 1985 முதல் நடக்கிறது. சென்னைப் பல்கலைக் கழகம் தபால் வழிக் கல்விக்கென்று 1981-இல் ஒரு நிலையத்தையே தொடங்கியது. ஆனால் ஒரு எச்சரிக்கை. தெருமுனையில் போர்டு மாட்டிக் கொண்டு, 'ஆறே மாதத்தில் டிகிரி' என்று அழைக்கிறவர்களிடம் நகையை அடகு வைத்துக் கொண்டு போகாதீர்கள். பல்கலைக் கழகத்தின் பெயர் பெரிதாக இருந்தால் போதாது. அந்தப் படிப்பைத் தொலைதூர முறையில் நடத்த யு.ஜி.ஸி. அனுமதித்திருக்கிறதா, அதுவும் நீங்கள் சேரும் வருஷத்துக்கு அனுமதி உண்டா என்று பார்த்த பிறகே பணம் கட்டுங்கள்.

பட்டமே வேண்டாம், அறிவு போதும் என்பவர்களுக்கு 'ஸ்வயம்'. மத்திய அரசு 2017-இல் தொடங்கிய இந்த ஏற்பாட்டில், நாட்டின் பெரிய பெரிய பேராசிரியர்கள் நடத்தும் பாடங்களை வீட்டில் உட்கார்ந்து, காசு கொடுக்காமல் கேட்கலாம். ஜனவரியில் ஒரு வரிசை, ஜூலையில் ஒரு வரிசை. பரீட்சை எழுதி ஸர்டிபிகேட் வாங்க வேண்டும் என்றால்தான் கட்டணம். குக்கர் மூன்று விசில் அடிப்பதற்குள் அரைப் பாடம் முடிந்து விடும் என்று ஒரு வாசகி எழுதியிருந்தார். அவர் துவரம் பருப்பு போட்டிருந்தாரா, பாசிப் பருப்பு போட்டிருந்தாரா என்பதைக் குறிப்பிடவில்லை.

"ஐ.ஐ.டி.யா? அதெல்லாம் சிறு வயதிலிருந்தே கோச்சிங் போகிறவர்களுக்கு!" என்று நினைப்பவர்களும் கொஞ்சம் கேளுங்கள். சென்னை ஐ.ஐ.டி. 2020-இல் டேட்டா ஸயன்ஸில் ஒரு படிப்பைத் தொடங்கியது. வீட்டிலிருந்தே படிக்கலாம், பரீட்சைக்கு மட்டும் மையத்துக்குப் போக வேண்டும். பன்னிரண்டாம் வகுப்புத் தேறியிருக்க வேண்டும். பத்தாம் வகுப்பில் கணக்கும் ஆங்கிலமும் படித்திருக்க வேண்டும். வயது வரம்பு இல்லை. நுழைவுத் தேர்விலும் ஒரு புதுமை: முதலில் நான்கு வாரம் பாடம் நடத்திவிட்டு, அதில்தான் பரீட்சை வைக்கிறார்கள். சொல்லிக் கொடுத்துவிட்டுக் கேள்வி கேட்பது நியாயம்தானே!

எம்.ஏ., எம்.எஸ்ஸி. முடித்துவிட்டு வீட்டில் இருக்கும் சகோதரிகளே, உங்களுக்கென்று ஒரு வரி. யு.ஜி.ஸி.யின் 'நெட்' பரீட்சை வருஷத்துக்கு இரண்டு தடவை, ஜூன் பருவம், டிசம்பர் பருவம் என்று நடக்கிறது. கல்லூரி ஆசிரியைப் பதவிக்கான தகுதிக்கு வயது வரம்பே கிடையாது. ஆராய்ச்சி உதவித் தொகைக்கு 30 வயது என்று வரம்பு வைத்திருக்கிறார்கள். நோட்டீஸில் அந்த 30-ஐப் பார்த்ததும் பெருமூச்சு விட்டு மடித்து வைத்து விடாதீர்கள். அதற்குக் கீழே, பொடி எழுத்தில், பெண்களுக்கு ஐந்து வருஷம் சலுகை என்று இருக்கிறது. அந்த உதவித் தொகை 2023 ஜனவரியிலிருந்து முதல் இரண்டு வருஷத்துக்கு மாதம் 37,000 ரூபாய்.

"பி.எச்டி. சேர்ந்த பிறகு குழந்தை பிறந்தால்?" என்ற கேள்வி வீட்டில் பெரியவர்களிடமிருந்து வரும். யு.ஜி.ஸி. 2016-லேயே அதற்கு விடை எழுதி, 2022 விதிகளிலும் அதை வைத்திருக்கிறது. ஆராய்ச்சிக் காலத்தில் ஒரு முறை, 240 நாள் வரை பிரசவம், குழந்தை பராமரிப்புக்காக விடுமுறை எடுக்கலாம். ஆராய்ச்சியை முடிக்கப் பெண்களுக்குக் கூடுதலாக இரண்டு வருஷ அவகாசமும் உண்டு. விதி இருக்கிறது, ஆனால் எந்தக் கைடும் தாமாகக் கூப்பிட்டு, "அம்மா, உனக்கு லீவு இருக்கிறது" என்று சொல்ல மாட்டார். அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

இன்னும் ஒன்று. படித்துத் தேறிவிட்டு, பட்டத்தையே வாங்காமல் விட்டவர்கள் எத்தனை பேர்! பட்டமளிப்பு விழா நோட்டீஸ் வந்தபோது அவர்கள் புக்ககத்தில் வத்தல் பிழிந்து கொண்டிருந்தார்கள். விழாவுக்கு நேரில் வராதவர்களுக்கும் பட்டம் உண்டு. அதற்குத் தனியாக விண்ணப்பமும் கட்டணமும் கட்ட வேண்டும். தாற்காலிகச் சான்றிதழை வைத்துக் கொண்டு இருபது வருஷம் ஓட்டிவிட்ட சகோதரிகள், படித்த பல்கலைக் கழகத்துக்கு ஒரு கடிதம் போட்டு விசாரியுங்கள். உழைத்து வாங்கிய பட்டம். அது சுவரில் தொங்கட்டுமே. கல்யாணப் படத்துக்குப் பக்கத்தில் இடம் இருக்கிறது.

காசில்லாமல் ஒரு மாலை

பலகையில் சந்தோஷமான காகிதங்களும் உண்டு. 'இன்று மாலை சொற்பொழிவு. அனைவரும் வருக.' இதில் 'அனைவரும்' என்ற சொல்லை யாரும் நம்புவதில்லை. மாணவர்களுக்குத்தான் என்று நினைத்துக் கொள்கிறோம். மாணவர்களோ பேராசிரியர்களுக்குத்தான் என்று நினைத்துக் கொள்கிறார்கள். கடைசியில் பிரசங்கியும் தலைவரும் மைக்காரரும் மிஞ்சுகிறார்கள்.

பெரியவர்கள் யாராவது தம் பெற்றோர் நினைவாகவோ ஆசிரியர் நினைவாகவோ ஒரு தொகையைப் பல்கலைக் கழகத்தில் வைத்துவிட்டுப் போவார்கள். அதன் வட்டியில் வருஷா வருஷம் ஓர் அறிஞரை அழைத்துப் பேசச் சொல்வார்கள். இதற்கு அறக்கட்டளைச் சொற்பொழிவு என்று பெயர். பெரும்பாலும் இலவசம். உ. வே. சாமிநாதையர் சென்னைப் பல்கலைக் கழகத்தில் 1920-களின் கடைசியில் செய்த பிரசங்கங்கள்தாம் பிறகு 'சங்க காலத் தமிழும் பிற்காலத் தமிழும்' என்ற புத்தகம் ஆயின. புத்தகமாகப் படிப்பவர்கள் நாம். எதிரில் உட்கார்ந்து கேட்டவர்கள் எவ்வளவு பாக்கியசாலிகள்! இன்றைக்கு வரும் ஏதோ ஒரு நோட்டீஸிலும் அப்படி ஒரு பெயர் இருக்கலாம். நாற்பது வருஷம் கழித்துத்தான் நமக்குத் தெரிய வரும்.

இளைஞர்களின் கோலாகலம் பார்க்க வேண்டும் என்றால் ஜனவரி மாதம். சென்னை ஐ.ஐ.டி.யில் 'சாஸ்திரா' என்று விஞ்ஞான விழாவும், 'ஸாரங்' என்று கலை விழாவும் அந்த மாதத்தில்தான் வருகின்றன. மாணவர்களே நடத்துவது. முன்னதாகப் பதிவு செய்து கொள்ள வேண்டியிருக்கும். சில நிகழ்ச்சிகளுக்கு டிக்கெட் உண்டு. எட்டாவது, ஒன்பதாவது படிக்கும் பிள்ளைகளை அழைத்துக் கொண்டு போங்கள். 'காலேஜுக்குப் போய்ப் படி, படி' என்று வீட்டில் நூறு தடவை சொல்வதைக் காட்டிலும், அங்கே ஒரு தடவை கண்ணால் பார்ப்பது மேல். போகிற வழியில் புள்ளி மானும் பார்க்கலாம். அதற்கு நோட்டீஸ் தேவையில்லை.

மஞ்சள் பூத்த ஒரு காகிதம்

பலகையின் மூலையில் ஒரு காகிதம் வெகுநாளாக ஒட்டியிருக்கும். வெயில் பட்டு மஞ்சள் பூத்திருக்கும். நான் எந்தக் கலாசாலைக்குப் போனாலும் முதலில் அதைத்தான் தேடுவேன். அதன் தலைப்பு: உள் புகார்க் குழு.

பெண்களுக்குப் பாலியல் தொந்தரவு நேர்ந்தால் விசாரிக்கும் குழு அது. வேலை செய்யும் இடங்களுக்காக 2013-இல் சட்டம் வந்தது, 2015-இல் யு.ஜி.ஸி. விதிகளின்படி ஒவ்வொரு கல்லூரியிலும் பல்கலைக் கழகத்திலும் அந்தக் குழு இருந்தாக வேண்டும். குழுவில் யார் யார், எப்படித் தொடர்பு கொள்வது என்பதை எல்லாரும் பார்க்கும்படி அறிவிக்க வேண்டும். சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள் எழுத்து மூலம் புகார் கொடுக்க வேண்டும். தகுந்த காரணம் இருந்தால் குழு மேலும் மூன்று மாதம் தரலாம். விசாரணையைத் 90 நாளில் முடிக்க வேண்டும்.

மூன்று மாதம் என்பது நீண்ட காலம் போலத் தோன்றும். ஒரு பெண் முதலில் தன்னையே சந்தேகிக்கிறாள். பிறகு, "சொன்னால் படிப்பை நிறுத்தி விடுவார்களோ" என்று வீட்டைக் கண்டு பயப்படுகிறாள். பிறகு பரீட்சை வந்து விடுகிறது. அதற்குள் மூன்று மாதம் ஓடிப் போகிறது. இங்கேயும் கடைசித் தேதிதான் சத்துரு. ஆகவே, ஒன்றும் நடக்காத ஒரு நல்ல நாளில், சாப்பாடு பரிமாறும்போது சாதாரணமாகக் கேளுங்கள்: "உங்கள் காலேஜில் அந்தக் குழுவில் யார் இருக்கிறார்கள்?" அவளுக்குத் தெரியாவிட்டால் பார்த்து வரச் சொல்லுங்கள். உங்களிடம் இதைப் பற்றிப் பேசலாம், பேசினால் படிப்பு நிற்காது என்று அவளுக்கு அந்த ஒரு கேள்வியிலேயே தெரிந்து விடும். எந்த நோட்டீஸும் அவளுக்கு அந்தத் தைரியத்தைக் கொடுக்க முடியாது. அம்மாதான் கொடுக்க வேண்டும்.

ராகிங் விஷயமும் அப்படித்தான். தமிழ்நாட்டில் 1997-லேயே அதற்கு எதிராகச் சட்டம் வந்துவிட்டது. 2009 முதல் யு.ஜி.ஸி. விதிப்படி மாணவரும் பெற்றோரும் ஆண்டுதோறும் உறுதிமொழி எழுதிக் கொடுக்க வேண்டும். அந்தக் காகிதத்தைப் பையன் நீட்டும்போது, எங்கே கையெழுத்து என்று மட்டும் கேட்காமல், என்ன எழுதியிருக்கிறது என்று படித்துப் பாருங்கள். உங்கள் பிள்ளை அடி வாங்குகிறவனாக மட்டும்தான் இருப்பான் என்று நிச்சயமில்லை அல்லவா? உதவிக்கு அழைக்க வேண்டிய இலவசத் தொலைபேசி எண் 1800-180-5522. எழுதி வைத்துக் கொள்ளுங்கள், தேவைப்படாமலே இருக்கட்டும்.

காலண்டரில் குறிக்க

இவ்வளவையும் ஞாபகம் வைத்துக் கொள்ள முடியாதுதான். சுருக்கமாகச் சொல்கிறேன். ஜூன், ஜூலை: அனுமதி, கட்டணம், சான்றிதழ் பைல். ஜூலையிலிருந்து சில மாதங்கள்: உபகாரச் சம்பளம். ஜனவரியும் ஜூலையும்: ஸ்வயம் பாடங்கள். ஜூனுக்கும் டிசம்பருக்கும் சில வாரங்கள் முன்னதாக: நெட் பரீட்சை அறிவிப்பு. ஜனவரி: விழாக்கள். வருஷம் முழுவதும்: சொற்பொழிவுகள். சரியான தேதிகள் ஆண்டுக்கு ஆண்டு மாறும். அதை அந்தந்தக் காகிதத்தில்தான் பார்க்க வேண்டும்.

நம் வீட்டுச் சமையலறையில் தினசரிக் காலண்டர் தொங்குகிறதே, ராகு காலம், எமகண்டம் எல்லாம் போட்டு? பால் கணக்கும் காஸ் வந்த தேதியும் எழுதும் இடத்தில், ஒவ்வொரு கடைசித் தேதிக்கும் ஒரு மாதம் முன்னால் தள்ளி, 'சான்றிதழ்' என்று எழுதி விடுங்கள். பக்கத்தில் பிள்ளையின் பெயர், பெண்ணின் பெயர் என்று போடுங்கள்.

ஏதாவது ஒரு தேதிக்குப் பக்கத்தில் உங்கள் பெயரையும் எழுத மறந்து விடாதீர்கள்.